ரப்பர் பாலில் பிலிங்காய்

என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு குறைபாடாகத்தான் கருதப்பட்டது. ஒருமுறை எங்கள் லயத்து மாப்பிள்ளை ஒருவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், வழியில் அம்மாவை நிறுத்தி, "மாப்புள தண்ணி போடுவாராங்க?" என்று விசாரித்திருக்கிறார்கள். "சம்பளத்தன்னிக்கு மட்டும் போடுவாருங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் அந்த மாப்பிள்ளை வெகுகாலம் எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து மரங்களை எண்ணிக்கொண்டு போனார்.

"தெரியாதுங்கன்னு சொல்லிட்டுப் போறதுக்கு என்னா?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"தெரியுமே" என்றாள் அம்மா.

நாங்கள் இருந்தது குருவிட்ட என்ற ஊரைத் தாண்டி மலைச்சரிவில் ஏறும் ஒரு ரப்பர் தோட்டம். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். எனக்கு ஒன்பது வயது. அம்மா பால் வெட்டப் போவாள். அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டும் வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஆறு வீட்டு லயத்தில் ஐந்தாவது எங்களுடையது, ஆறாவது அத்தையுடையது. அத்தை அப்பாவின் அக்கா. மாமா ஸ்டோரில் காவல்காரர். அப்பா வீட்டார் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அம்மா மட்டும் வேதக்காரி. அரநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வேதப்புத்தகமுமாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். இதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. திருவிழாவுக்கு அத்தை என் தலையில் பூ வைத்துவிடுவாள். நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு அம்மா சுடும் பலகாரத்தில் முதல் தட்டு அத்தை வீட்டுக்குத்தான் போகும். இரண்டு பக்கத்துப் பலகாரத்துக்கும் உரிமைக்காரியாக நான் கொழுத்து வளர்ந்தேன்.

அதைக் கெடுத்தது இரண்டு மூட்டை ஒட்டுப்பால். மரத்தின் வெட்டிலும் பால் சொட்டும் தேங்காய்ச் சிரட்டையிலும் உலர்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரை உரித்துச் சேர்ப்பதைத்தான் ஒட்டுப்பால் என்போம். டவுனில் அதை வாங்க ஆள் உண்டு. சித்திரை வருடப்பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டோரில் பூட்டி வைத்த இரண்டு மூட்டை காணாமல் போயிற்று. தேடப் போனவர்கள் தோட்டத்து எல்லையில் மாட்டோடு நின்றுகொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கீழேயிருக்கும் சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்று சொல்வோம். அந்த நாட்டுப் பையனுக்குப் பதினேழு வயதிருக்கும். அவனுடைய மாட்டுக் கயிற்றாலேயே அவன் கையைக் கட்டி ஸ்டோர் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. "மம நெமெய் மாத்தயா" என்று, நான் இல்லை ஐயா என்று, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

துரைக்கு அடுத்தபடி மலை வேலைகளைப் பார்க்கிறவர் கண்டாக்கையா. அவர்தான் விசாரித்தார். பையன் மூட்டையோடு போனதைக் கண்ணால் கண்டோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவன் வந்த பாதை அம்மா பால் வெட்டும் மரங்களுக்கு நடுவே போவதால் அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார். தோட்டமே அம்மாவின் வாயைப் பார்த்தது. ஓர் ஆமாங்க சொன்னால் வேலை முடிந்துவிடும்.

"வெள்ளனாவே எம் பக்கமாத்தாங்க வந்தான்" என்றாள் அம்மா. "கையில ஒண்ணுமில்லிங்க. மாடு கயித்த அத்துக்கிட்டு வந்துருச்சு. அதப் புடிக்க வந்தான். நானுந்தான் ஒரு கை புடிச்சுக் குடுத்தேன்."

பையனை அவிழ்த்துவிட்டார்கள். அவன் மாட்டைக் கூட மறந்து ஓடினான். பிறகுதான் கண்டாக்கையா ஸ்டோர்ப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பூட்டு உடைந்திருக்கவில்லை. சாவி மாமாவிடம் இருந்தது. மாமா எடுத்தாரா, எடுத்தவர்களுக்குத் திறந்துவிட்டாரா, அல்லது யாரோ அவர் மடியிலிருந்து சாவியை உருவியதுகூடத் தெரியாமல் தூங்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாளே அவரைக் காவல் வேலையிலிருந்து நிறுத்திப் புல்லு வெட்ட அனுப்பிவிட்டார்கள். அம்மா மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நாட்டுப் பயலுக்காகச் சொந்த வீட்டு ஆளைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் சாயங்காலத்துக்குள் அம்மாவுக்கு வந்துவிட்டது.

தொழிற்சங்கத்துக்காரரான தோட்டத் தலைவர் நல்ல மனிதர். விஷயத்தைச் சுமுகமாக முடித்துவைக்க ஆசைப்பட்டார். எங்கள் தோட்டத்தில் எந்த வழக்கும் தீராவிட்டால் கோயிலுக்குப் போவார்கள். அம்மன் முன்னால் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவர் சொன்னதை அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அம்மாவும் வந்து சூடம் அணைக்கட்டும், இல்லையென்றால், சரியாகப் பார்க்கவில்லை என்று கண்டாக்கையாவிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று தலைவர் வீடு தேடி வந்து சொன்னார். இரண்டில் எது செய்தாலும் போதும் என்றார்.

"சத்தியம் பண்றது எங்க வேதத்துல இல்லிங்க தலைவரே. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா.

"பாக்கலன்னாச்சும் சொல்லுத்தா."

"பாத்தேனே."

தலைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சத்தியம் பண்ணப் பயந்துவிட்டாள், அப்படியானால் சொன்னது பொய்தான் என்று லயம் தீர்ப்பு எழுதியது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அம்மா குடத்தை வைத்ததும் மற்றக் குடங்கள் எல்லாம் நிறைந்துவிடும், எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள் பால் சேர்க்கும் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் யார் மரம் யாருடையது என்று பார்க்காமல் எல்லாரும் ஓடி எல்லாச் சிரட்டைகளையும் வாளியில் ஊற்றுவதுதான் வழக்கம். அன்றைக்கு அம்மாவின் மரங்கள் பக்கம் ஒருவரும் வரவில்லை. பாதிப் பால் மழைத்தண்ணீரோடு வேரில் ஓடியது.

அத்தை எங்களோடு நேரடியாகப் பேசாமல் தன் சட்டி பானைகளோடு பேச ஆரம்பித்தாள். லயத்து நடுச்சுவர் கூரைவரை போகாது. ஆகவே சட்டி பானைகளுக்குச் சொன்னது முழுவதும் எங்களுக்கும் கேட்கும். அப்பா, அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று, யாரோடும் பேசாமல் இருப்பதே நியாயம் என்று முடிவெடுத்தார். "சோறு", "வெந்நி", "வெளிச்சத்த நிறுத்து" என்ற மூன்று சொற்களோடு அவர் குடும்பம் நடத்தினார்.

அம்மா அழாமல் இருந்தாள் என்று சொல்லமாட்டேன். அடுப்பங்கரையில் அழுவாள், புகைதான் காரணம் என்றும் சொல்லமாட்டாள். அவளுடைய ஜெபம் எப்போதுமே கொஞ்சம் சண்டை போலத்தான் இருக்கும். அந்த நாட்களில் முழுச் சண்டையாகிவிட்டது. "பொய் சொல்லாதன்னு நீங்கதானே ஆண்டவரே சொன்னீங்க. சொல்லல. இப்ப உப்புக் கேக்க ஒரு வீடு இல்ல. நீங்களே பாத்துக்கங்க." இப்படிக் கோபித்துக்கொண்டு எழுந்திருப்பாள். மாதம் ஒருமுறை டவுன் வேதக்கோயிலில் ஆராதனை. பஸ்ஸுக்குப் போகும் வழியெல்லாம், இந்த முறை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வருவாள். அங்கே போய் முழங்காலிட்டதும் முதல் வேலையாக மாமாவுக்குக் காவல் வேலை திரும்பக் கிடைக்கவேண்டும் என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு பஸ் காசு கொடுத்து வந்து அதையா கேட்பது?

ஆகவே ஆண்டவர் செய்யாமல் விட்டதை நான் செய்வது என்று தீர்மானித்தேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ரப்பர் பாலைக் கொஞ்சம் சிரட்டையில் எடுத்து, அதில் பிலிங்காயைப் பிழிந்துவிட்டால் பால் உடனே திரைந்து கட்டியாகிவிடும். அதை உருட்டி உருட்டிப் பந்து செய்வோம். பிலிங்காய் கொத்துக் கொத்தாக மரத்தின் உடம்பிலேயே காய்க்கும், பல் கூசுகிற புளிப்பு. தோட்டத்தில் பிலிங் மரம் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், மாட்டுக்காரப் பையனின் வீட்டு வேலியோரத்தில் ஒன்று நின்றது. திரைந்துபோன பாலை ஸ்டோரில் பாலாக எடுக்கமாட்டார்கள், ஒட்டுப்பாலோடு எறிந்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா ஸ்டோரில் வேலை செய்து என் அறிவுக்கு உண்டான ஒரே பயன் அதுதான்.

பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவுக்கு உதவி செய்யப் போகிறேன் என்று மலைக்குப் போனேன். அம்மாவின் மரங்களுக்கும் அத்தை பால் வெட்டும் மரங்களுக்கும் நடுவில் இருந்தது மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான்தான். காலையில் வெட்டி முடித்து, பால் சொட்டி நிறையும்வரை வெட்டுக்காரர்கள் பாறையில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். அந்த நேரத்தில் பாவாடை நிறையப் பிலிங்காயோடு கானைத் தாண்டினேன். மரத்துக்கு ஒன்றாகப் பிழிந்துகொண்டே போனேன். அறுபது எழுபது மரம் இருக்கும். பயமே இல்லை. அம்மாவுக்கு நான் ஒருத்தியாவது இருக்கிறேனே என்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. சக்கைகளை எல்லைப் பாதையோரமாகவே எறிந்தேன். அதில் தந்திரம் ஒன்றும் இல்லை. கைக்கு வந்த இடத்தில் எறிந்தேன், அவ்வளவுதான்.

அத்தை வாளியோடு வந்து முதல் சிரட்டையைக் கவிழ்த்தாள். பால் விழவில்லை, கட்டி விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. அவள் போட்ட சத்தத்தில் அடுத்த மலையில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். பக்கத்து மரத்துக்காரி என்பதால் சில கண்கள் அம்மாவின் மேல் விழுந்தன. அதற்குள் கங்காணி பாதையோரத்தில் சக்கையைப் பார்த்துவிட்டார்.

"பிலிங்கா! இது அந்த மாட்டுக்காரப் பய வேல. போன தடவ தப்பிச்சிட்டான்ல, அந்தத் திமிரு."

ஒருவரும் மறுக்கவில்லை. மரம் அவன் வீட்டில், சக்கை அவன் பாதையில். இரண்டு ஆண்கள் அப்போதே கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நாட்டுப் பக்கம் இறங்க ஆரம்பித்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்ததைச் சொல்கிறேன். அந்தப் பையனின் வீங்கிய உதடு என் நினைவுக்கு வரவே இல்லை.

அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பாவாடை முழுவதும் ஈரத்திட்டு. அவள் என்னை அருகில் கூப்பிட்டு என் விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

"நீயா பாப்பா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா என் கையை விடவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, இறங்கிப் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அண்ணே, போகாதீங்க! அந்தப் பையன் இல்ல. எம் மகதான் செஞ்சா."

"நான் இல்ல!" என்று நான் அலறினேன். அம்மா என் பாவாடையின் மடிப்பை விரித்துக் காட்டினாள். உள்ளே இன்னும் ஐந்தாறு காய்கள் கிடந்தன. அன்றைக்கு யாரும் அவளிடம் சூடம் கேட்கவில்லை.

இறங்கிப் போனவர்கள் திரும்பி ஏறிவந்தார்கள். அம்மா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு கானைத் தாண்டிப் போய், அத்தையின் காலி வாளியில் அதை அப்படியே ஊற்றினாள். "மன்னிச்சுக்கங்க அண்ணி" என்று ஒரே ஒரு சொல். அத்தை ஊற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், விழுந்தது.

வீட்டில் அப்பாவின் மௌனம் அன்று உடைந்தது. "அக்கா வீட்டயும் விட்ட, இப்பப் பெத்த புள்ளயயும் விட்ட. யாரயாச்சும் மிச்சம் வைப்பியா மாட்டியா?" அம்மா அடுப்பை மூட்டப் போனாள். என்னை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் இல்லை என்று சொன்ன பிறகு, ஊருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அம்மாவோடு பேசுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை தன் வாசலிலிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பயந்துகொண்டே போனேன். தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்து, என்னை முன்னால் உட்கார வைத்துப் பேன் பார்க்க ஆரம்பித்தாள்.

"பெத்த புள்ளய எவளாச்சும் ஊருக்கு முன்னால இப்புடி நிறுத்துவாளா?"

"அதானே அத்தை" என்றேன், வாய் நிறைய ரொட்டியோடு. அம்மாவின் மேல் கோபமாயிருக்கிற இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவளுடைய அறுபது சிரட்டைப் பாலைக் கெடுத்தவள் நான்தான் என்பதை இருவருமே கொஞ்ச நேரம் மறந்துவிட்டோம்.

"ஒரு வார்த்த பேசாம இருந்துருக்கலாம்ல? நாங்க எல்லாம் அந்த நாட்டுப் பயன்னுதான் நம்பிட்டோம். அவனப் போயி ரெண்டு சாத்துச் சாத்திட்டு வந்திருப்பாங்க. அதோட முடிஞ்சிருக்கும்." அத்தையின் விரல் என் தலையில் அப்படியே நின்றது. "அந்தப் பயலுக்காக எங்களத்தான் விட்டுட்டான்னு நெனச்சேன். இப்ப ஒன்னயும்ல விட்டுட்டா."

பேன் பார்ப்பதைப் பாதியில் விட்டாள். சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். எனக்காக நியாயம் கேட்கப் போகிறாள் என்று நானும் நிமிர்ந்து நடந்தேன். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஒரு வாளிப் பால அப்படியே எடுத்துக்கிட்டேன். திருப்பிக் கேக்க மாட்டியா?" என்றாள் அத்தை.

அம்மா தலைநிமிர்ந்து பார்த்தாள். "கேட்டா குடுப்பீங்களா அண்ணி?"

"குடுக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை அழ ஆரம்பித்தாள். அம்மாவும் அழுதாள். அத்தை கீழே உட்கார்ந்து பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆயத் தொடங்கினாள். மாமாவைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அத்தை வந்த பிறகு லயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சட்டி பானைகளுக்கு ஓய்வு கிடைத்தது. புல்லு வெட்டுகிற மாமாகூட ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று தீப்பெட்டி கேட்டார். அம்மாவின் ஜெபம் முழுதாகப் பலித்தது என்று சொல்ல முடியாது. காவல் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நான் வாசலில் நின்று அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து ஆள் என்று நம்பியவளும் கட்சி மாறிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அம்மாவோடு நான் மறுபடி பேசும்போது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதுவும் ரிப்பன் வேண்டியிருந்ததால்தான்.

இப்போது எனக்கும் ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எந்த நேரத்தில் என்ன பேசக்கூடாது என்று தெரியாத பிள்ளை. அவளைப் பெற்றதற்கும், அப்படிப்பட்ட ஓர் அம்மாவுக்குப் பிறந்ததற்கும் ஒவ்வொரு ஞாயிறும் நன்றி சொல்கிறேன். நன்றி சொல்லும்போதெல்லாம், அன்றைக்கு ரப்பர் மரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்த பார்வைதான் முன்னால் வருகிறது. அடிக்கலாமா என்று அவள் யோசிக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஊர் பேசவில்லை, அத்தை பேசவில்லை, அப்பா மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அந்த லயத்தில் அப்போது அவளோடு பேசிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.